நாற்பது பக்கம் பாக்கி வைத்துப் போன நங்கையாவுக்கு

என் பிரியமான நங்கையாவுக்கு,

எருத்தேன்பதியில் எல்லாரும் சௌக்கியம். உங்கள் வீட்டுக்காரர், அதாவது என் அண்ணன், இப்போது தானே காப்பி போட்டுக் குடிக்கிறார். கண்டிக்க ஆளில்லை என்ற தைரியத்தில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார். தென்னை இந்த வருஷம் நல்ல காய்ப்பு. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நமக்குப் பேய் நாவல் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். ஊர் நூலகமான வாயனசாலையில் தமிழ் அலமாரியை முடித்துவிட்டு மலையாள அலமாரிக்கும் போனவர்கள் அல்லவா? முதல் பக்கத்திலேயே நாய் ஊளையிட்டால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். "சரக்கு இல்லாதவந்தான் புள்ள நாயக் கூப்புடுவான்" என்பீர்கள். மலையாள நாவல்களில் யட்சி பனைமரத்தில் குடியிருப்பதைப் படித்துவிட்டு, "நம்ம பனையில தெனமும் ஆளு ஏறிக் கள்ளு எறக்கறாங்க. பாவம், அவ எங்கீன்னு போயிக் குடியிருப்பா?" என்று கேட்டீர்களே, அன்று சிரித்ததில் எனக்குப் பெருமாட்டி பஸ்ஸே தவறிப்போனது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நமக்கு ஒத்துப்போகவில்லை. கடைசியில் பேய் பொய்யென்று தெரிய வேண்டும், யார் செய்த வேலை என்று துப்புத் துலங்க வேண்டும் என்பது என் கட்சி. உங்களுக்கு அது அறவே ஆகாது. "பேயக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போயிப் போலீசக் காட்டறான். இதுக்கா நானு இருநூறு பக்கம் பயந்தேன்?" என்று எழுதியவனைத் திட்டித் தீர்ப்பீர்கள். பழிவாங்குகிற பேயும் உங்களுக்குப் பிடிக்காது. செத்த பிறகும் கோபத்தைச் சுமந்துகொண்டு அலைவது என்ன பிழைப்பு என்று கேட்பீர்கள். இப்போது யோசித்தால், நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

கடைசியாக நீங்கள் படித்தது அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பங்களா நாவல். செத்துப்போன டாக்டரம்மா பட்டப்பகலில் வந்து ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். மேனேஜர் செய்கிற பித்தலாட்டம் என்றேன் நான். "பித்தலாட்டம் பண்றவன் செடி வாடுதேன்னு பாப்பானா? அவ நெசமாத்தான் வர்றா. இருந்து பாரு, நாந்தான் செயிக்கறேன்" என்றீர்கள், தலையணையில் சாய்ந்தபடி. நாற்பது பக்கம் பாக்கி இருந்தது. நீங்கள் முடிக்கும்வரை நான் தொடக்கூடாது என்பது நம் ஒப்பந்தம். இரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

கருமாதியன்று உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லி என்னென்னவோ படையலில் வைத்தார்கள். கச்சாயம், பணியாரம், புதுச்சேலை. நான் அந்த நாவலைக் கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா பதறிவிட்டார்.

"ஏம்புள்ள, உனக்குப் புத்திகித்தி கெட்டுப்போச்சா? பேய்ப் பொஸ்தகத்தப் படையல்ல வெப்பாங்களா? எடுத்து அக்கட்டால வெய்யி!"

"அவங்களுக்குப் புடிச்சதுதான வெக்கோணும்? கச்சாயம் அவங்களுக்குப் புடிக்கவே புடிக்காது, தெரியுமா உங்களுக்கு?"

சொந்தபந்தத்துக்கு முன்னால் இப்படிச் சண்டை போட்டேன். அம்மாதான் ஜெயித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முடிவு தெரியாமலே உங்களை அனுப்பிவிட்டோமே என்று மாட்டுக்கொட்டகையில் நின்று அழுதேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் உங்கள் போட்டோவுக்கு எதிரில் உட்கார்ந்து, மிச்ச நாற்பது பக்கத்தையும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பத்துப் பக்கம் போனதும் முகம் திரும்பியது. இருபதில், "அப்பறம் அந்த மேனேசரு என்ன சொன்னான்?" என்று கேட்டார். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது, கதை கேட்க மட்டும் அவ்வளவு ஆசை.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். நங்கையா, மேனேஜர்தான். கூலிக்கு ஒரு பெண்ணைப் பிடித்து, டாக்டரம்மாவின் சேலையைக் கட்டிவிட்டு, பங்களாவை அமுக்கப் பார்த்திருக்கிறான். போலீஸ் ஜீப்கூட வந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன்.

அதை வாய்விட்டுப் படிக்காமல் தலையை நிமிர்த்தினேன். போட்டோவில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா காயைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். டாக்டரம்மா நிஜமாகவே வந்தாள். யாரையும் பழிவாங்க வரவில்லை. அவள் புருஷன் எதிரில் வந்து நின்றபோது, "செடி காஞ்சு கெடந்துச்சு, மனசு கேக்கல, அதான் வந்தேன்" என்றாள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்துட்டுப் போகட்டும், பாவம். அவ ஊடுதான?" என்றார். பிறகு, "அடுத்த வாட்டியும் இதாட்ட நல்ல பேயாப் பாத்து எடுத்துட்டு வா கண்ணு" என்றார்.

இதுதான் நான் சொன்ன பொய். உங்களை ஜெயிக்கவைக்கத்தான் மாற்றினேன் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. இத்தனை வருஷம் பேயெல்லாம் பொய்யென்று வாதாடியவளுக்கு, அன்று ஒரு பேயாவது நிஜமாக இருக்க வேண்டியிருந்தது. அதைச் சொன்ன பிறகு மனது லேசாகிவிட்டது. இப்போது நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்.

இனி மாதம் ஒரு நாவல், உங்கள் எதிரில், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். ஒரு வரியும் மாற்ற மாட்டேன், சத்தியம். முடிவு பிடிக்காமல் சண்டைக்கு வருவதானால் தாராளமாக வாருங்கள். நான் பயப்பட மாட்டேன்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் நாத்தனார்
மல்லிகா