உப்பாத போர்டுகள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இப்படி ஒரு தப்பை நான் செய்ததே இல்லை. போன வாரம் ஆர்டர் பாதியில் இருக்கும்போது, சர்க்யூட் போர்டு வெட்டும் சூடு தாங்கும் ஷீட் ஸ்டோரில் தீர்ந்துபோனது. தடிமன் ஒன்றுதானே என்று சாதா ஷீட்டை எடுத்துக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பச்சைப் பெயின்ட் ஏறிய பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்று சால்டரிங் மெஷினிலிருந்து வந்த போர்டைத் தேவி தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இன்னா இது, அப்பளம் மாரி உப்பிக்கினு வருது?"

ஐந்து போர்டு உப்பியிருந்தது. மேனேஜரிடம் ஓடினேன்.

"உப்புனத தூக்கிப் போடும்மா. மிச்சம் நல்லாத்தானே கீது?" என்றார்.

ஷீட்டை மாற்றியதைச் சொல்ல வாய் வரவில்லை. மிச்சத்தைப் பெட்டியில் அடைத்துவிட்டார்கள்.

உப்பிய ஐந்தை நினைத்துப் பயமில்லை. உப்பாத சாதா போர்டுகள் பச்சைக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் மெஷினுக்குள் போகின்றன. அந்தச் சூட்டிலேயே கிடந்து எந்த போர்டு எப்போது விட்டுப்போய் மெஷின் நின்றுவிடுமோ.

மேனேஜருக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. லாரி காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். கம்பெனி பஸ் பொன்னேரிக்கு வருவதே ஏழு மணிக்கு. அதற்குமுன் தேர்வாய் கண்டிகையில் இருக்கும் கம்பெனிக்குப் போக எனக்கு வழியே இல்லை.

பொய். விடிவதற்கு முன்பே ரயில் இருக்கிறது, இறங்கினால் கம்பெனி வரைக்கும் ஆட்டோ இருக்கிறது.