ரெய்டார் நிரப்பிய பெட்ரோல்

அன்புள்ள அம்மா,

உன் மணிக்கட்டு வலி தேவலையா? ஸ்பேனரைத் தொடாமல் உன்னால் இருக்க முடியாது என்று தெரியும். நார்வேயில் நான் சுகம்தான். மீன் ஆலை நாற்றம் மட்டும் கையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. போன வாரம் என் சூப்பர்மோட்டோ பைக்கின் இன்ஜின் இறுகிவிட்டது. நான் விழவில்லை. என் பிறந்தநாளுக்காக, கூட வேலை செய்யும் ரெய்டார் எனக்குத் தெரியாமல் டேங்கை நிரப்பி வைத்திருக்கிறார். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு, எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோல்!

"எண்ணெய்க்குத் தனியா பம்பு இருக்குமே பொண்ணே!" என்று தலையைச் சொறிந்தார்.

இருந்தது. "கழட்டாதடி, நடுரோட்டுல நிப்பே!" என்று நீ கத்தக் கத்த நான்தான் கழற்றினேன். கையால் கலந்து ஊற்றுவதுதானே நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பெருமை!

சிலிண்டரும் பிஸ்டனும் அனுப்பு. அந்தப் பம்பையும் அனுப்பு. நீ தூக்கிப் போட்டிருக்கமாட்டாய். இடமிருந்தால் கம்பு ரொட்டி ஒன்று வை. திட்டி நாலு வரி எழுது.

இந்தத் தீவைவிட்டு வெளியே போகக் கடலடிச் சுரங்கம்தான் வழி. நடப்பவர்களை விடமாட்டார்கள். பேருந்தோ என் வேலை நேரத்தில்தான் வந்துபோகிறது. வேலை முடிந்ததும் சுரங்க வாசல்வரை நடந்துபோய், திரும்பி வருகிறேன்.

ஆலையில் வேலை மணி அடித்துவிட்டது.

சைலா