ஸ்பிண்டில் ஆயிலில் பழகிய தோசைக்கல்

பங்காளி,

இன்று காலை என் வீட்டின் பின்பக்கம் மூன்று செங்கல் வைத்து, கொட்டாங்குச்சித் தீ மூட்டி, உன் மகள் வாங்கி வந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைப் பழக்கினோம். அவள் வீட்டில் கேஸ் அடுப்பு. புதுக்கல்லை அதில் சுட்டால் வீடெல்லாம் புகையாகிவிடும் என்று சிங்காநல்லூருக்கே தூக்கி வந்துவிட்டாள். கல் சூடேறியதும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். நான் வாங்கி மோந்து பார்த்தேன்.

"ஏனுங்க பெரியப்பா, நல்லெண்ணெய்தானுங்க. எதுக்கு மோந்து பாக்கறீங்க?"

நீ போய்ச் சேரும்வரை அவளிடம் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். எழுத்து கோணினால் நான் பொறுப்பில்லை.

நாம் வேலை பார்த்த நூல் மில்லுக்குப் பின்னால் இருவரும் தங்கியிருந்த ஒற்றை அறையை நினைத்துப் பார். பொள்ளாச்சிப் பக்கம் உனக்குப் பெண் அமைந்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஒரே குறை, உனக்கு அம்மா இல்லை, மெஸ் சாப்பாட்டில் காலம் ஓட்டுகிறாய் என்பது. "அடுப்புப் பத்தாத ஊட்டுக்குப் புள்ளைய எப்படிங்க அனுப்பறது? வந்து பாத்துப்போட்டுத்தான் சொல்லோணும்" என்று ஆள் விட்டிருந்தார். உனக்குத் தூக்கம் போயிற்று. ஓட்டலில் வாங்கி வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், நம் அடுப்பில் சுட்ட தோசைதான் போட வேண்டும் என்றாய். சந்தைக்குப் போய்ப் புதுக்கல் வாங்கினோம். "கஞ்சித் தண்ணியில ஊற வெச்சு, தீயில காட்டி, எண்ணெய் தடவிப் பழக்கோணுங்க" என்றார் கடைக்காரர். என்ன எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

நமக்கு இரும்பு என்றால் ஒரே எண்ணெய்தான். மில்லில் நூல் சுற்றும் கதிருக்கு விடும் ஸ்பிண்டில் ஆயில், சைக்கிள் செயினுக்கென்று கொண்டுவந்து வைத்தது, ஜன்னலில் இருந்தது. துணியில் நனைத்துத் தடவினோம். தீயில் வாட்டினோம். மறுபடி தடவினோம். கல் கறுத்து, முகம் பார்க்கலாம் போல மின்னியது. "மெசினாட்ட ஆயிருச்சு பாரு" என்று பூரித்துப் போனாய். வாசம் அடிக்கவில்லையா என்று இப்போது உன் மகள் கேட்கிறாள். நாளெல்லாம் அந்த எண்ணெய்க்கு நடுவில் நின்ற மூக்குக்கு அது எங்கே தெரியும்? நம் சட்டையே அந்த வாசம்தானே.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். தோசை கல்லில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. உனக்கு வாயெல்லாம் பல். பெரியவர் ஒரு விள்ளல் வாயில் வைத்தார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஏனுங்க தம்பி, எங்க தோட்டத்து மோட்டார் ரூமுல அடிக்கிற வாசமுங்க இது. என்ன எண்ணெய்ங்க?"

நீ மறைக்கவில்லை. "மில்லு எண்ணெய்ங்க மாமா."

"மில்லுல இப்ப தோசையும் ஓட்டறாங்களாக்கும்." அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தக் கல்லத் தூக்கி வீசுங்க. அம்மணி, பொறப்படு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். நீ மட்டும் அசையவில்லை. "கல்லு மேல தப்பில்லீங்க. நாங்க தடவுனதுதானுங்க தப்பு. சுட்டெடுத்தாச் சரியாயிரும். சித்த இருங்க" என்றாய். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய், கொட்டாங்குச்சியை அடுக்கித் தீ மூட்டி, கல்லைக் கவிழ்த்துப் போட்டாய். கரும்புகை கிளம்பியது. அது அடங்கும்வரை குந்தியபடி ஊதிக்கொண்டே இருந்தாய்.

கிளம்பியவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "வெளக்கெண்ணெய் தடவோணும்" என்றார் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்க. நம்மூட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னாவது தெரியுமா உங்களுக்கு?" என்ற அம்மாள் என்னிடம் திரும்பி நல்லெண்ணெய் கேட்டார். நம்மிடம் ஏது? பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கல் ஆறியதும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, திரும்பத் தீயில் ஏற்றி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாய். முகமெல்லாம் கரி. முதல் தோசை பிய்ந்து வந்தது. அதை நீயே தின்று பார்த்துவிட்டு, அடுத்ததைப் பெரியவர் இலையில் வைத்தாய். அவர் மோந்து பார்த்தார். தின்றார். இன்னொன்றுக்கு இலையை நகர்த்தினார்.

"ஏனுங்க, பஸ்ஸுக்கு நேரமாகலீங்களா?" என்றார் அம்மாள். பிறகு உன் பக்கம் கையைக் காட்டி, "கல்லு மேலயே பழி போடாத பையன், நம்ம புள்ள மேல போடப் போறானா? ஊருக்குப் போயி நாள் பாருங்க" என்றார்.

அந்தக் கல்லில்தான் உன் குடும்பம் தோசை தின்றது. பிய்ந்த முதல் தோசையைக் கடைசிவரை நீதான் கேட்டு வாங்கித் தின்பாய். ஏன் என்று மகளுக்கு இன்றைக்குத்தான் புரிந்ததாம். வீட்டுக்குப் போய் அவள் அம்மாவோடு சண்டை போடப் போகிறாளாம், இத்தனை நாள் மறைத்ததற்கு.

இன்றும் முதல் தோசை பிய்ந்தது. "கல்லு சரியில்லீங்க பெரியப்பா" என்று அவள் முகம் வாடியது. "கல்லச் சொல்லாத கண்ணு, இன்னொருக்காத் தேச்சுப் பாரு" என்றேன். இரண்டாவது முழு வட்டமாக எழும்பி வந்தது.

பிய்ந்தது உன் பங்கு, பங்காளி. நான் தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் நான் மோந்து பார்த்ததாயிற்றே.