பீரங்கிகள் இங்கேதான் இருக்கின்றன

என்னவருக்கு,

குழந்தை இப்போதுதான் தூங்கினாள். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. இங்கே சீமாஹியில் ஓயாத மழை. கூரை ஒழுகியதைப் பக்கத்து வீட்டு யூலியானி அக்காவே ஏணி போட்டு ஏறிச் சரிசெய்தார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பெண் கேட்டு வந்த அன்று என் அப்பாவிடம் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "பச்சைத் தொப்பிக்காரன் முன்னால நடந்து போவான், கருப்புத் தொப்பி டாங்கியில போவான். நாங்க பழுப்புத் தொப்பி, மாமா. பல மைல் பின்னால நின்னு பீரங்கி சுடுறவங்க. எதிரி மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டோம்." அதைக் கேட்டுத்தான் அப்பா சம்மதித்தார். நீங்கள் எல்லைக்குக் கிளம்பியபோது நானும் அதை நம்பித்தான் அழாமல் நின்றேன்.

இன்று மாலை மழை சற்று விட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் முகாமின் பின்பக்கம் நடந்தேன். உங்கள் பீரங்கிகள் எல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொட்டகையிலேயே நிற்கின்றன. காவலுக்கு இருந்த சுகெங்கிடம், "இதையெல்லாம் விட்டுட்டு எதத்தான் கொண்டு போனாங்க தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு கால்களத்தான், அண்ணி. அந்தக் காட்டுல பீரங்கி எங்க ஏறும்? துப்பாக்கியோட நடந்து ரோந்துதான்" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு வேடிக்கை காட்டத் தொடங்கினான்.

தொப்பி பழுப்புதான், தெரியும். இனி அதைச் சொல்லி எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். காட்டுக்குள் போகும்போது உங்களுக்கு முன்னால் யாராவது நடக்கிறார்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகளின் அம்மா