ஏர் கன் பட்ட மதர்போர்டு

ஜூலை 12, சனி

எரிச்சலில் தூக்கம் வரவில்லை. நான் சர்வீஸ் பார்க்கும் போச்சம்பள்ளி லேத் பட்டறைக் கம்ப்யூட்டர் இன்றும் நீலத் திரை காட்டி நின்றுவிட்டது. அதன் ராம் மெமரி கார்டை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும், "உனக்குத் தெரியலைன்னா சொல்லிடுப்பா, பெங்களூர்ல இருந்து ஆள் கூப்டுக்கறேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ராமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஓடியது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லாரும் மெஷின்களைச் சுத்தம் செய்தார்கள். ஆபரேட்டர் மஞ்சுநாத் அண்ணன் இரும்புத்தூளை ஊதிய ஏர் கன்னோடு நேராக வந்து, சிபியு மூடியைத் திறந்து உள்ளேயும் ஊதினார். மதர்போர்டு முழுக்க எண்ணெயும் தண்ணீரும் பொட்டுப் பொட்டாகத் தெறித்தன.

"அண்ணா, நிறுத்துங்க! கம்ப்ரசர் காத்துல தண்ணி வருது!"

அவர் முகம் சுண்டிப்போனது. "நீதானப்பா தூசி ஆவாதுன்னு சொன்ன? வாராவாரம் ஊதிட்டுத்தான வூட்டுக்குப் போறேன்."

ராம் திரும்பத் திரும்ப மக்கர் செய்த காரணம் அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு கம்ப்யூட்டர் உயிர்பெறவே இல்லை. திங்கட்கிழமை முதலாளி காரணம் கேட்பார். மஞ்சுநாத் அண்ணன் பேரைச் சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் பெங்களூர் ஆள் வருவான்.

அவரை நன்றாகத் திட்டியிருக்கலாம். ஆனால் கிளம்பும்போதும் அந்த மூடியைத் துடைத்து, ஒரு திருகு விடாமல் முடுக்கிவிட்டுத்தான் போனார்.