குகையைக் காட்டிய பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் கேட்டால், பள்ளிக்கூடச் செய்தி என்று சொல்லிவிடு. அப்பா நம் குடும்பக் குகையைத் திறந்து காட்டிவிட்டார் என்று தெரிந்தால், இந்தத் தீவில் ஒருவரும் அவரோடு பேச மாட்டார்கள்.

உன் வயிற்று வலி தேவலையா? ஆபரேஷன் முடிந்ததா? இங்கே மழை. மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது.

தாஹித்தியிலிருந்து தமாத்தோவா என்றொருவர் வந்து, நம் வீட்டில் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறையில் தங்கியிருக்கிறார். மற்றவர்களைப் போல அவர் கற்சிலைகளைப் படம் பிடிக்கவில்லை. தோணியில் வந்த முதல் அரசனிலிருந்து நம் முன்னோர் பெயர்களை மூச்சு விடாமல் சொன்னார். அப்பா அழுதுவிட்டார். நெற்றியோடு நெற்றி சேர்த்து, "எங்கே அண்ணே இருந்தே இத்தனை காலமா?" என்று கேட்டார். சொந்த ரத்தத்துக்குத்தானே குகையைக் காட்டுவோம்? மண்ணடுப்பில் கோழி வேகவைத்து எடுத்துக்கொண்டு, எரிமலைச் சரிவில் இருக்கும் குகைக்கு அவரை அழைத்துப் போனார்.

நேற்று அந்த அறையைப் பெருக்கும்போது அவருடைய பை கட்டிலிலிருந்து சரிந்தது. எடுத்து வைக்கும்போது ஏதோ கனத்தது; திறந்து பார்த்தேன். குகையில் நாம் காத்துவந்த, நெற்றியில் மீன் செதுக்கிய நம் மூதாதையின் மண்டையோடு, அவர் சட்டையில் சுற்றியிருந்தது. அப்பாவிடம் ஓடினேன். "பாட்டன் தலையைப் பேரன் தொட்டா திருட்டாடி?" என்று அறைந்தார். வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். "அண்ணன் பையைத் தம்பி துழாவுறதா? என்னை என்னன்னு நினைச்சே?" என்றார்.

இன்று சாப்பிடும்போது அந்த மனிதர், "தம்பி, எனக்குப் பிள்ளை இல்லை. உன் மகளைக் குடு, நான் வளர்க்கிறேன்" என்றார். சொந்தக்காரர் பிள்ளை கேட்டால் நம்மவர்கள் மறுப்பார்களா? அப்பா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினார். ஹீனா அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "முத்து விளையுற ஊருடி! திரும்பி வர்றப்ப இந்த அத்தையைத் தெரியுமா உனக்கு?" என்றாள். அம்மாவைக் கேளுங்கள் என்றேன். "ஆஸ்பத்திரியில கிடக்கிறவளை ஏன் கலங்கடிக்கணும்?" என்றார் அப்பா.

நான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பரிமாறக் குனிந்தபோது, அந்த மனிதர் என் காதில், "நீ பையைத் திறந்தது தெரியும் மகளே. அங்கே போய்ப் பேசிக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாளைக் காலையில் அவரோடு எனக்குத் தாஹித்தி விமானம். இந்தக் கடிதத்தை என் தோழி வைஹேரேயிடம் கொடுப்பேன். அவள் அம்மா அடுத்த வாரம் உன் ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு வருகிறாள். நீ படிக்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன் என்று தெரியும். வேறு யாருக்கு எழுதுவது?

அப்பாவைத் திட்டாதே. அவர் என்னை விற்கவில்லை. தன் அண்ணனுக்குக் கொடுப்பதாகத்தான் நினைக்கிறார். ஆனால் உன்னால் எழுந்து நடக்க முடிந்த அன்றே, யார் காலில் விழுந்தாவது, "நான் என் மகளைக் கொடுக்கவில்லை" என்று சொல். நான் எங்கே இருந்தாலும் சொல். நீ சொன்னால் என்னைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும், இல்லையா? வழக்கம் அப்படித்தானே, அம்மா? யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. கடவுள் உன்னைச் சீக்கிரம்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா, நான் விளக்கை