ஆட்டுக்கு நான் கொடுத்த குரல்

உனக்கு ஒரு செய்தி. சனிக்கிழமை பேரனைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். நீயும் நானும் கிள்ளானில் பார்த்தோமே, பேசும் ஆடு வரும் அந்தக் கார்ட்டூன், அதைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இப்போது வரைந்த படம் இல்லை. நிஜ ஆடு மாதிரியே கணினியில் செய்தது. ரோமம் ஒவ்வொன்றும் காற்றில் அசைகிறது. முகம் மட்டும் சிரிக்கவே மாட்டேன் என்கிறது. வாய் சும்மா அசைபோட, எங்கிருந்தோ பேச்சு வருகிறது. இதை நாம் எண்பதுகளிலேயே செய்து முடித்துவிட்டோமே, அடி பாவி.

அப்போது நாம் இருவரும் ஒரே தொழிற்சாலையில் ரேடியோ பாகங்கள் பொருத்திக்கொண்டிருந்தோம். இளைஞர் மன்றத்தின் பொங்கல் விழாவுக்கு அந்தப் படத்தை நாடகமாகப் போடலாம் என்று கிளம்பியது நீதான். ஆட்டு வேஷத்துக்கு ஆள் தேடலாம் என்றால் நீ ஒப்புக்கொள்ளவில்லை.

"வேஷம் எதுக்கு? நிஜ ஆடே கொண்டு வரேன் லா. புல்லைக் குடுத்தா வாய் மெல்லும். நீ திரைக்குப் பின்னால நின்னு பேசு."

நான் பேசுவதா? என் கரகரத்த குரலுக்கு வெட்கப்பட்டு, பள்ளியில் வாசிக்கச் சொன்னாலே தலைவலி என்று படுத்துக்கொண்டவள் நான். பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "பொண்ணுக்குச் சளியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நீ விடவில்லை. "ஆடு உன்ன மாதிரிதான்டி பேசும்" என்றாய். திட்டினாயா, பாராட்டினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீ கொண்டுவந்தது உன் அத்தை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடா. சாமிக்கென்று விட்டதை யாரும் அடிக்கக்கூடாது. மேடையில் ஏற்றும்வரை நீ அதைச் சொல்லவே இல்லை. திரை விலகியதும் கிடா புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழே இறங்கி, முன்வரிசையில் இருந்த மன்றத் தலைவரின் கழுத்து மாலையைத் தின்ன ஆரம்பித்தது. விரட்ட ஓங்கிய கைகளெல்லாம், "சாமி ஆடு, சாமி ஆடு" என்ற உன் அத்தையின் சத்தத்தில் அப்படியே நின்றன. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் மைக்கை வைத்துவிட்டு ஓடப்போனேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "எங்க போற? ஆடுதான் பேசாது. நீ பேசு லா."

என்ன தோன்றியதோ, வாயைத் திறந்துவிட்டேன். "மன்னிச்சிக்குங்க தலைவரே. காலையிலேருந்து ஒத்திகைதான், ஒரு வாய் சோறு போடல."

முதலில் சிரித்தவர் தலைவர்தான். மாலையைக் கழற்றி அதன் வாயருகே நீட்டினார். அப்புறம் மண்டபம் சிரித்த சிரிப்பில் எனக்குக் கூச்சமே போய்விட்டது. அரை மணி நேரம் நான் நிறுத்தவில்லை. நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்த முகத்தோடுதான் நீ என் நினைவுக்கு வருகிறாய்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. சனிக்கிழமை பாதிப் படத்தில் பேரன், "பாட்டி, ஆடு ஏன் சிரிக்கல? போர் அடிக்குது" என்றான். நான் அவன் காதருகே குனிந்து, நம் கிடாவின் குரலில், "காலையிலேருந்து பட்டினிடா, எங்க சிரிக்கிறது?" என்றேன். அவன் குலுங்கிச் சிரித்தான். திரையில் ஆடு வாயசைத்த போதெல்லாம் நான் பேசினேன். எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த பெண் ஒருத்தி திரும்பினாள். திட்டு விழப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

"ஆன்டி, கொஞ்சம் சத்தமா பேசுங்க. என் மகளுக்குக் கேட்கலையாம்."

முந்தானையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. சத்தமாகவே பேசினேன்.